பூஜ்ஜியம் விலைக்கு வந்த சரக்கு

கணக்குப்பதிவு என்றால் நடந்து முடிந்ததை எழுதிவைப்பது என்றுதான் என்ஜினியரிங் படித்தவர்கள் பெரும்பாலும் நினைக்கிறோம். எலக்ட்ரானிக் போர்டு தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு ஸ்டாக் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை, விலை, மதிப்பு என்று திரையில் மூன்று கட்டங்கள். அங்கே அக்கவுண்ட்ஸ் பார்த்த மேடம் சொன்னார்: “முதல் ரெண்டும் சரி தம்பி. மூணாவது இருக்கே, அது இதெல்லாம் வித்துடும்னு நாங்க வெச்சிருக்கிற நம்பிக்கை.”

அந்த நம்பிக்கை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு சிஸ்கோவைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியாது. இணையத்தைத் தாங்கும் ரவுட்டர், சுவிட்ச் விற்கும் கலிஃபோர்னியா கம்பெனி. 2000 மார்ச்சில் அதன் சந்தை மதிப்பு 50,000 கோடி டாலரைத் தாண்டியது. கொஞ்ச நாள் உலகிலேயே மதிப்புமிக்க கம்பெனி. மற்றவர்கள் கணக்கை முடிக்க நாள்கணக்கில் தவிக்க, தங்களால் ஒரே நாளில் முடிக்க முடியும் என்று சிஸ்கோ பெருமையடித்துக்கொண்டிருந்தது. ஆர்டர், விற்பனை எல்லாம் அன்றன்றைக்குத் திரையில்.

சிக்கலே அந்த ஆர்டரில்தான். பாகங்களுக்குத் தட்டுப்பாடு, சரக்கு வரத் தாமதமாகும் என்றால் வாங்குகிறவர் என்ன செய்வார்? ரெண்டு மூணு இடத்தில் ஆர்டர் போட்டுவிட்டு, முதலில் வந்ததை வாங்கிக்கொண்டு மற்றதை ரத்து செய்வார். தீபாவளிக்கு நாலு ரயிலில் டிக்கெட் போட்டுவைக்கிற அதே புத்தி. சிஸ்கோ அதை நம்பிப் பாகங்களைக் குவித்தது, சப்ளையர்களுக்கு வாக்கும் கொடுத்தது. டாட்காம் குமிழி உடைந்தது. 2001இல் ஒரே காலாண்டில் 225 கோடி டாலரைத் தேவைக்கு மிஞ்சிய சரக்கு என்று நஷ்டக் கணக்கில் எழுதினார்கள். தலைவர் ஜான் சேம்பர்ஸ் அதை நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தோடு ஒப்பிட்டார்.

வரவேண்டிய பாக்கியும் நம்பிக்கைதான். புதிய தொலைத்தொடர்புக் கம்பெனிகள் பலவற்றுக்குத் தானே கடன் கொடுத்துத் தன் சரக்கை வாங்கவைத்திருந்தது சிஸ்கோ. அவை தள்ளாடியதும் வாராக்கடனுக்கு ஒதுக்கவேண்டி வந்தது. தேய்மானத்துக்காவது ஓர் அட்டவணை உண்டு. நம்மூர்க் கம்பெனிச் சட்டம் லேப்டாப்புக்கு 3 வருஷம், சர்வருக்கு 6 வருஷம் என்று ஆயுசே எழுதிவைத்திருக்கிறது. கிடங்கில் கிடக்கும் சிப்புக்கு அப்படி யாரும் ஜாதகம் எழுதவில்லை.

எனக்கு உறுத்துவது இதற்கப்புறம் நடப்பதுதான். அமெரிக்க விதிப்படி, ஒருமுறை மதிப்பைக் குறைத்த சரக்கை மறுபடி ஏற்றி எழுத முடியாது. (இந்திய விதி, காரணம் நீங்கினால் பழைய விலை வரைக்கும் ஏற்ற அனுமதிக்கிறது.) பார்க்க கண்டிப்பான விதி. ஆனால் 100 டாலர் பாகம் ஒன்று பூஜ்ஜியமாகிவிட்டது, பிறகு ஒரு ரவுட்டரில் போய் விற்றுவிட்டது என்றால், புத்தகத்தில் அந்தப் பாகத்துக்குச் செலவே கிடையாது. அந்த 100 டாலரும் லாபத்தில் உட்காரும். சிஸ்கோவும் ஒதுக்கிய சரக்கில் ஒரு பகுதியைப் பிறகு பயன்படுத்தியது. அதனால் லாபம் எவ்வளவு கூடியது என்று தனியே சொல்லவும் செய்தது. ஒளிக்கவில்லை. இருந்தாலும் செத்த சரக்கு எழுந்து நடந்தது.

அதே 2001இல் சுமார் 8,500 பேரைக் குறைப்பதாக சிஸ்கோ அறிவித்திருந்தது. தன்னிடம் வேலை பார்க்கும் மனிதர்களைச் சொத்தாகக் காட்டக் கணக்கு விதிகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதனால் அவர்கள் போனபோது குறைத்து எழுத மதிப்பு எதுவும் இல்லை, அனுப்பிவைத்த செலவு மட்டும் ஏறியது. கிடங்கில் இருந்த சிப்புகளில் சில திரும்பி வந்தன.