பக்கத்து ஊர்த் தேயிலை

எங்களில் ஒருத்தி நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறாள். சாப்பாட்டு மேசைகளைக் கவனிக்கிற வேலை. லீவுக்கு வலப்பனைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது கதையோடுதான் வருவாள். போன தடவை கொண்டு வந்தது வைன் கதை.

எங்கள் லயங்களில் போத்தல் என்றாலே சம்பள நாள் சண்டைதான் ஞாபகத்துக்கு வரும். அதனால் முதலில் யாருக்கும் கேட்க மனசில்லை. "குடிக்கச் சொல்லல புள்ள, எப்பிடிப் பாத்து வாங்குறாங்கன்னு மட்டும் கேளுங்க" என்றாள். கேட்டோம்.

காசு அளவா இருக்கணும், ஆனா நல்லதா வேணும் என்று கேட்கிற விருந்தாளிகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அங்கே இருக்கிற பழைய ஆள் ஒருவர் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இரண்டே விஷயம்தான். ஒன்று, பேர் பெற்ற ஊரை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்து ஊரைப் பார். பிரான்சில் போர்தோ என்ற பெயருக்கே தனி விலை. அதற்குக் கிழக்கே ஒட்டியபடி பெர்ஜெராக் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே திராட்சை வகைகள்தான், விலை குறைவு. பேர் வந்ததுக்கு ருசி மட்டும் காரணமில்லை. ஆற்றின் மேற்பக்கத்து உள்நாட்டு ஊர்களின் வைன் போர்தோக்காரரின் வைனோடு போட்டி போடாதபடி துறைமுகத்தில் தடுத்து வைக்கிற சலுகைச் சட்டங்கள் நூற்றாண்டுக் கணக்கில் இருந்தன. 1776இல்தான் அதை எடுத்தார்கள். துறைமுகம் யார் கையில் இருந்ததோ அவர்கள் பேர்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

இரண்டாவது, வைனை எத்தனை வருஷம், எப்படி வைத்திருந்தார்கள் என்று பார். ஸ்பெயினின் ரியோஹாவில் சிவப்பு வைன் போத்தலில் 'ரிசர்வா' என்று எழுத வேண்டுமானால் குறைந்தது 3 வருஷம் வைத்திருக்க வேண்டும், அதில் ஒரு வருஷமாவது ஓக் மரப் பீப்பாயில். அங்கே அது சட்டம். நிலவறையில் இருட்டு வேண்டும், ஆட்டம் அசைவு இல்லாத குளிர் வேண்டும், தக்கை காயாமல் இருக்கப் போத்தலைப் படுக்க வைக்க வேண்டும். வெயில் விழுகிற கடைத் தட்டில் நின்ற பழைய போத்தலுக்கு வயசு மட்டும்தான் கூடியிருக்கும். எல்லா வைனும் வைத்திருந்தால் நன்றாகும் என்றும் இல்லை. பெரும்பாலானவை சில வருஷத்துக்குள் குடித்து முடிக்கவே செய்யப்படுகின்றன.

இவ்வளவையும் கேட்டுவிட்டு எங்களில் இன்னொருத்தன் கேட்டான்: "அப்ப நாமதானே அந்தப் பக்கத்து ஊரு?"

சும்மா கேட்டதுதான். ஆனால் யோசித்தால் உண்மை. இலங்கைத் தேயிலைக்கு ஏழு பிரதேசங்கள்: நுவரெலியா, திம்புள்ள, ஊவா, உடப்புசல்லாவை, கண்டி, சப்ரகமுவ, ருஹுண. வெளிநாட்டுக்காரரைக் கேட்டால் நுவரெலியா, ஊவா என்பார்கள். உடப்புசல்லாவை என்று யாராவது சொன்னால் அவர் தேயிலை வியாபாரியாகத்தான் இருக்க வேண்டும். இராகலை, ஹால்கரனோயா, உடப்புசல்லாவை என்று எங்களைச் சுற்றியிருக்கிற மலைகள் அந்தப் பெயர் தெரியாத பிரதேசத்துக்குள்தான் வருகின்றன. மேற்கே நுவரெலியா, கிழக்கே ஊவா, நடுவே நாங்கள். உயரம் ஏறத்தாழ 950இலிருந்து 1600 மீற்றர் வரை. நுவரெலியாத் தேயிலையை விட எங்கள் தேயிலையின் சாயம் கொஞ்சம் கடும், லேசாகச் சிவப்பு ஓடும் என்பார்கள்.

1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது. இன்றைக்கும் ஸ்டோரில் செய்த தூள் தோட்டத்தின் மார்க்கோடு ஏலத்துக்குப் போகிறது. வாங்கியவர் பல மார்க்குகளை ஒன்றாகக் கலக்கிறார். பெட்டியில் 'சிலோன் டீ' என்று மட்டும் இருக்கும். எங்கள் ஊர் அதற்குள் கரைந்துவிடும்.

அந்த லீவிலேயே ஒரு வேலை செய்தோம். நுவரெலியாவில் ஒரு கடையில் உடப்புசல்லாவை என்று பிரதேசப் பெயர் போட்ட 100 கிராம் பக்கெட் ஒன்றை ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு வாங்கினோம். வீட்டுத் தூளை விட விலை கூடத்தான். ஆனால் கோப்பைக்கு 2 கிராம் என்றால் 50 கோப்பை வரும். பிரித்துப் பார்த்தால் ஒரு கோப்பை, கடையில் குடிக்கிற ஒரு பிளேன்டியை விட மலிவு. அந்த ஹோட்டலில் ஒரு கிளாஸ் வைனுக்குக் கொடுக்கிற காசை நினைத்துச் சிரித்தோம்.

தேயிலை ருசி பார்க்கிறவர்கள் 100 மில்லிலீற்றர் தண்ணிக்கு 2 கிராம் போட்டு 6 நிமிஷம் விடுவார்கள். நாங்களும் அப்படியே செய்தோம். சீனியில்லை, பாலில்லை. பக்கத்தில் வீட்டுத் தூளிலும் ஒரு கோப்பை. வீட்டுத் தூள் மோசம் என்று சொல்ல வரவில்லை. டஸ்ட், பிஓபி என்பதெல்லாம் துகளின் அளவு, தரத்தின் பேர் இல்லை. டஸ்ட்டில் சாயம் சீக்கிரம் இறங்கும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் வீட்டுத் தூள் மிளகாய்த்தூள் டின்னுக்கும் கருவாட்டுக்கும் நடுவில் வாய் கட்டாத பையில் இருந்தது. தேயிலை எந்த வாசத்தையும் இழுத்துக்கொள்ளும். வைன் மாதிரி வருஷக்கணக்கில் வைத்தால் நன்றாகிற தேயிலை சீனாவின் பூஅர் மாதிரி சிலதுதான். எங்கள் கறுப்புத் தேயிலைக்கு வயசு போனால் வாசமும் போகும். எங்களுக்கு நிலவறை என்றால் காத்துப் புகாத ஒரு பிஸ்கட் டின்தான். அதுவும் எங்கள் வீட்டில் இருக்கவில்லை.

மலையிலிருந்து வந்த அம்மாவிடம், எது எது என்று சொல்லாமல் இரண்டு கோப்பையையும் நீட்டினோம். கொழுந்து எடுத்து 26 வருஷம். புதுப் பக்கெட் கோப்பையை மோந்து பார்த்தார், ஒரு வாய் குடித்தார்.

"இது மழைக் கொழுந்து இல்ல. காத்துக் காலத்துது."

பக்கெட்டில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை. எப்பிடித் தெரியும் அம்மா என்று கேட்டோம். "அந்தக் காத்துல கொழுந்து சிறுத்து, வெறச்சிப் போயிருக்கும். கூடைக்குள்ளேயே இந்த வாசம்தான் வரும்" என்றார்.

ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை மேற்குப் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும்போது, மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வருவது வறண்ட காற்று. செடி வாடும், துளிர் மெதுவாக வளரும், அதில்தான் வாசம் சேரும். வியாபாரிகள் அதைத் தரமான பருவம் என்று சொல்லிக் காத்திருப்பார்கள்.

அம்மா கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இன்னொன்று. "அந்த மாசந்தான் அரைப்பேரு."

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கொழுந்து சிறுத்தால் கிலோ வராது. சொன்ன கிலோ வராவிட்டால் முழுப்பேர் இல்லை. நாட்சம்பளம் 1000 ரூபா என்று 2021இல் வர்த்தமானியில் வந்த பிறகும் இந்த அரைப்பேர் கதை தீரவில்லை. ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். தராசு கொழுந்தின் பாரத்தைத்தான் பார்க்கும், வாசத்தைப் பார்க்காது. தேயிலை மிக நன்றாக இருக்கிற மாசத்தில் அம்மாவின் கைக்கு வருவது குறைவு. எங்களுக்கு ஸ்கூல் கொப்பி வாங்கக் கடன் சொன்ன மாசங்கள் எவை என்று எண்ணிப் பார்த்தோம். ஆவணியும் புரட்டாசியும் அதில் வந்தன.

பேர் தெரியாத ஊரின் பொருளை மலிவாக வாங்குவது கெட்டிக்காரத்தனம் என்றுதான் தோழி சொன்ன கதையில் கேட்டோம். வாங்குகிறவருக்கு அது சரி. விளைவிக்கிறவர் பக்கம் நின்று பார்த்தால், அந்த மலிவில் ஒரு பங்கு அம்மாவின் அரைப்பேர். அதற்காக நல்ல தேயிலையை வாங்காதீர்கள் என்று சொல்லமாட்டோம். வாங்குங்கள், ஆனால் பேர் கேட்டு வாங்குங்கள். எந்தப் பிரதேசம், எந்தத் தோட்டம், எந்த மாசம் பறித்தது என்று கடையில் கேளுங்கள். ரியோஹாக்காரர் போத்தலில் வருஷத்தைப் போடுகிறார்கள். எங்கள் பக்கெட்டிலும் மாசத்தைப் போடட்டும். அந்த மாசத்துத் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டு என்று எல்லாருக்கும் தெரிந்தால், அதைப் பறித்த கைக்கு ஏன் அரைப்பேர் என்று கேட்க எங்களுக்கும் ஒரு பிடி கிடைக்கும்.

மிச்சத் தூளைப் பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்கி மூடி, கருவாட்டிலிருந்து தள்ளி வைத்திருக்கிறோம். அம்மா தினம் ஒரு கோப்பை குடிக்கிறார். இரண்டு கரண்டி சீனி போட்டுத்தான்.