தூக்கம் வராதவன் சோம்பேறி அல்ல



ஓய்வு பெற்றபின் இரவு இரண்டு மணி எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. பத்து மணிக்குப் படுப்பேன், இரண்டுக்கு விழிப்பு வரும். பிறகு விடியும்வரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். "மனசுல எதையாவது போட்டுக் குழப்பிக்கிறீங்க" என்பார்கள் வீட்டில். "பகல்ல தூங்கியிருப்பீங்க மாமா" என்பார்கள் உறவினர்கள். பகலிலும் தூங்குவதில்லை என்றால் யாரும் நம்புவதில்லை.

அப்படி ஓர் இரவில்தான், தூக்கமின்மை உள்ளவர்களின் மூளை அமைப்பே வேறு என்று கைபேசியில் ஒரு செய்தி படித்தேன். மிச்சமிருந்த தூக்கமும் போனது. மூளை சுருங்குகிறதோ, பெயர்கள் மறப்பது அதனால்தானோ என்று பயந்துவிட்டேன். மறுநாள் முதல் தேடித் தேடிப் படித்தேன்.

2007-ல் ஜெர்மனியில் தூக்கம் வராத 8 பேரையும் நன்றாகத் தூங்கும் 8 பேரையும் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ், தூக்கம் வராதவர்களுக்குச் சிறியதாக இருந்தது. 2010-ல் நெதர்லாந்தில் என் வயதையொத்தவர்களைப் பார்த்தபோது, கண்ணுக்கு மேலே உள்ள முன்மூளையில் சாம்பல்நிறப் பகுதி குறைவாக இருந்தது.

இத்துடன் நிறுத்தியிருந்தால் பயந்தே செத்திருப்பேன். ஆனால் 2013-ல் அதே ஜெர்மன் குழு 28 பேரை 38 பேரோடு ஒப்பிட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தெரியவில்லை. எட்டுப் பிள்ளைகளின் மார்க்கை வைத்து ஒரு பள்ளிக்கூடத்தையே எடை போடலாமா? அதுபோலத்தான். வேறுபாடு இருந்தாலும், தூங்காததால் மூளை மாறியதா, மூளை அப்படி இருப்பதால் தூக்கம் வரவில்லையா என்பதை ஒரே ஒரு ஸ்கேன் சொல்லாது.

மருத்துவரும் இதையே சொன்னார். மாத்திரைக்கு முன்னால் பழக்கத்தை மாற்றச் சொன்னார். தூக்கம் வரும்போது மட்டும் படுக்க வேண்டும். வராவிட்டால் புரளாமல் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும். எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். இவையெல்லாம் சேர்ந்த பயிற்சியைத்தான் அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்றும் 2016-ல் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்திருக்கிறது. மூன்று மாதமாகச் செய்கிறேன். முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான். இப்போது நாலு மணிவரை தூங்குகிறேன்.

இதை எழுத இன்னொரு காரணமும் உண்டு. எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு பையன் தினமும் தூங்கி விழுவான். "ராத்திரி தூக்கமே வரல சார்" என்பான். பொய் சொல்கிறான் என்று நினைத்து, சோம்பேறி என்று திட்டி, மணி அடிக்கும்வரை நிற்க வைப்பேன். ஏன் தூக்கம் வரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. நீ சொன்னதை இப்போது நம்புகிறேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது "தூக்கம் வரல" என்றால் முதலில் நம்புங்கள். பிறகு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.