தெளிந்த நீர்

கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டை கலித்தொகையிலேயே வருகிறது. அங்கே அம்மரத்துக்கு 'இல்லம்' என்று பெயர். கலக்கம் நீங்கித் தெளிவு பெறுதல் மனத்துக்கும் பொருந்தும் உவமை என்று வகுப்பில் சொல்வதுண்டு. கொல்லையில் மீன்தொட்டி வந்த பிறகு அந்த உவமையைச் சற்று எச்சரிக்கையோடுதான் கையாள்கிறேன்.

தொட்டி அப்பாவுக்காகக் கட்டியது. அம்மா மறைந்தபின் மதுரைப் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பேச்சு அநேகமாக நின்றுபோயிருந்தது. பாத்திரம், ஜன்னல் கம்பி, குளியலறைச் சுவர் என எதையாவது தேய்த்துக்கொண்டே இருப்பார். எட்டடி நீளம், ஐந்தடி அகலம், இரண்டரையடி ஆழம். ஏறக்குறைய 2800 லிட்டர். புதுச் சிமென்ட் சுண்ணாம்பைக் கக்கும் என்பதால் வாழைத்தண்டுத் துண்டுகளை ஊறப்போட்டு, மும்முறை நீர் மாற்றிய பின்பே பன்னிரண்டு வண்ணக் கெண்டைகளை விட்டோம்.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக நான் வெளியூர் சென்றிருந்த பத்து நாட்களில், அப்பா இருமுறை நீரை முழுவதும் இறைத்துவிட்டு, சுவரின் வழவழப்பைத் தேங்காய் நாரால் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தார். திரும்பி வந்தபோது தரையில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். நான்கு மீன்கள் மிதந்தன.

"தண்ணி இவ்வளவு தெளிவா இருக்கே, பிறகு ஏன்டா சாகுது?"

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது நீரில் கரைந்திருப்பது, நிறமற்றது. தேற்றாங்கொட்டை மிதக்கும் துகளைத் திரட்டி அடியில் படியவைக்கும். கரைந்த நஞ்சை அது தீண்டாது. அந்த வேலையைச் செய்பவை சுவரின் வழவழப்பில் வாழும் பாக்டீரியாக்கள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். அதுவும் நஞ்சே, மீனின் குருதியைப் பழுப்பாக்கி மூச்சுத்திணற வைப்பது. மற்றொரு கூட்டம் அதை அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாக்கும். இவ்வுயிர்களை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் ரஷ்ய அறிவியலாளர் வினோகிராட்ஸ்கி. புதிய தொட்டியில் இவை குடியேறி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். துடைத்தெறிய ஒரு முற்பகல் போதும்.

சோதனைக் குப்பியில் நீர் கரும்பச்சையாக மாறியதை அப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றே ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினோம். குழாய்நீரை ஒரு நாள் பீப்பாயில் திறந்து வைத்துக் குளோரின் போனபின்பே ஊற்றினோம். நைட்ரைட் மீனுக்குள் ஏறாமல் தடுக்க மூன்று கிலோ கல்லுப்பு. தீனி பாதியானது. தேய்ப்பது நின்றது.

பி.எச். அளக்கும் பொறுப்பை அப்பா ஏற்றார். காலையில் 7.6, மாலை நான்கு மணிக்கு 8.5. கருவியே கோளாறு என்றார். பாசி பகலெல்லாம் கரியமில வாயுவை உண்பதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. இரவில் எல்லா உயிர்களும் அதை வெளிவிட, இறங்குகிறது. காரம் ஏறினால் அதே அளவு அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் ஏறும்: 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆனால் நச்சு வடிவில் இருப்பது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 ஆனால் ஐந்து பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒன்று. இதைச் சொன்ன மறுநாளே மாலைத் தீனியை நிறுத்திவிட்டுக் காலை ஒன்பதுக்கு மாற்றினார். விடியலில் பிராணவாயு மிகக் குறைந்திருக்கும், அப்போது மீன் மேலே வந்து வாய்பிளந்தால் பம்பைப் போட வேண்டும் என்பதை அவரே கண்டுபிடித்தார்.

இப்போது எட்டு மீன்கள். நீர் இளம்பச்சை, அடித்தளம் தெரிவதில்லை. நீளக் குறிப்பேட்டில் தேதிவாரியாக எண்கள். காலையில் என்னிடம் அவர் பேசும் முதல் சொல் பெரும்பாலும் ஒரு எண்ணாக இருக்கிறது; அதன்பின் மற்றவை வருகின்றன, சில நாள் அம்மாவைப் பற்றியும்.

சென்ற வாரம் வந்த உறவினர் ஒருவர், "இந்தப் பாசியைக் கொஞ்சம் தேய்ச்சு விடக்கூடாதா, சார்?" என்று கேட்டார்.

"அதைத் தொடாதீங்க. அங்கே ஒரு குடித்தனம் நடக்குது" என்றார் அப்பா.