விடியலில் மட்டும் எரியும் விளக்கு

தந்தையார் விட்டுச்சென்ற பழைய காரில் அந்தச் சிவப்பு விளக்கு விடியற்காலையில் மட்டும் எரியும். பத்து நிமிட ஓட்டத்தில் தானாகவே அணைந்துவிடும். வெப்பமுள்ளோ அசையாது நடுவில் நிற்கும். "சென்சார் கோளாறு சார், ஒயரைக் கழற்றிவிடலாம்" என்றார் மெக்கானிக். மறுவாரம் அம்மாவுடன் ஏற்காடு செல்வதாக ஏற்பாடு. 20 கொண்டை ஊசி வளைவுகள். நாங்களும் ஏறக்குறைய இசைந்துவிட்டோம். (கூலன்ட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று விவாதித்த அளவுக்கு அதன் மட்டத்தைப் பார்த்தவர்கள் அல்லர் நாங்கள்.)

ஞாயிறு காலை, எஞ்சின் நன்கு ஆறிக்கிடக்கையில் தொட்டியைப் பார்த்தோம். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் அடங்கியிருக்கும் திரவம் முகத்தில் பீறிடும். மட்டம் கீழ்க்கோட்டுக்குச் சற்றே தாழ்ந்திருந்தது. குளிரில் திரவம் சுருங்க, மிதவை இறங்கி விளக்கை எரியவைக்கிறது. சூட்டில் விரிய, ஏறி அணைக்கிறது. விளக்கு பொய் சொல்லவில்லை.

எனில் குறைந்த திரவம் எங்கே போயிற்று? இரவு முழுவதும் வண்டிக்கடியில் அட்டை விரித்துவைத்தோம். ஒரு சொட்டும் இல்லை. டார்ச் அடித்துத் தேடியதில், வாட்டர் பம்ப்பின் அடியில் பச்சையாய் உப்புப்பூத்த ஒரு தடம். ஓடுகையில் கசிந்து, எஞ்சின் சூட்டிலேயே உலர்ந்துபோயிருக்கிறது.

பம்ப்பை மாற்றி, ஒரு வாரம் கழித்தே ஏற்காடு ஏறினோம். அம்மாவுக்கு அந்தத் தாமதத்தில் இன்னும் வருத்தம்தான்.