சாட்சி எடுபடாத ஓர் இடம்



இந்த வாரம் நான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது, நாம் அன்றாடம் பயன்படுத்தியும் நினைத்துப் பாராத ஓர் உழைப்பைப் பற்றி. கைப்பேசியில் ஒரு நோயின் பெயரையோ ஊரின் பெயரையோ தேடும்போது முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் விக்கிப்பீடியா. 2001 ஜனவரியில் தொடங்கிய அந்தக் கலைக்களஞ்சியத்தைப் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலர்களே எழுதுகிறார்கள். அவர்களில் ஒரே பொருளில் அக்கறை கொண்டவர்கள் ஒன்றுகூடி வேலையைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அத்தகைய கூட்டு முயற்சிக்கு 'விக்கித்திட்டம்' என்று பெயர். ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆட்டிசத்துக்கென்றே அப்படி ஒரு திட்டம் இருக்கிறது.

சில மாதங்களாக அவர்களுடைய பேச்சுப் பக்கங்களை வாசித்து வருகிறேன். நம் சபையில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை வளர்க்கும் குடும்பங்கள் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பிள்ளைகளைக் குறித்து ஆராதனை முடிந்தபின் வாசலில் நின்று நாம் பேசும் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று அறிய விரும்பியே அதை வாசிக்கத் தொடங்கினேன்.

அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி வெளியே தெரியாதது. ஆட்டிசத்தோடு தொடர்புடைய ஒவ்வொரு கட்டுரையின் பேச்சுப் பக்கத்திலும் திட்டத்தின் அடையாளம் இருக்கும். கட்டுரை எவ்வளவு முக்கியமானது, எவ்வளவு முழுமையானது என்று அங்கே தரம் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு வரியோடு நின்றுபோன குறுங்கட்டுரை முதல் சிறப்புக் கட்டுரை வரை பல படிகள் உண்டு. எந்தப் பக்கம் பழுதடைந்திருக்கிறது, எதற்கு ஆதாரம் இல்லை, எதைப் புதிதாக எழுதவேண்டும் என்று கணக்கு வைக்கிறார்கள். யாரேனும் விளையாட்டாகவோ வன்மமாகவோ ஒரு வரியை மாற்றினால், கவனிப்புப் பட்டியலில் அது தென்படும். எவரோ ஒருவர் அதை முன்னிருந்த நிலைக்குத் திருப்புவார். அவர்களில் பெற்றோரும் மருத்துவத் துறையினரும் மட்டுமல்ல, ஆட்டிசம் உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

இவ்வளவு காவல் எதற்கு என்று கேட்பீர்களானால், இந்த ஒரு சொல்லின் வரலாற்றைச் சற்றுப் பாருங்கள். 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஆட்டிசம் தனியொரு நிலையாக மருத்துவ உலகின் கவனத்தைப் பெற்றது அதன் வழியாகத்தான். அந்தப் பெற்றோரிடம் கனிவு குறைந்திருப்பதாகவும் அவர் குறிப்பிட்டிருந்தார். விதை அங்கே விழுந்தது. பின்வந்த ஆண்டுகளில், தாயின் உள்ளம் குளிர்ந்துபோனதால்தான் பிள்ளை இப்படியானது என்ற கருத்து பரவியது. 1967-ல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய 'தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்' என்ற நூல் அதை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. பிள்ளைக்காக இரவெல்லாம் விழித்திருந்த தாய்மார்களே குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் அதை மறுத்து ஒரு நூல் எழுதியிருந்தார். அவரும் ஆட்டிசம் உள்ள ஒரு மகனின் தகப்பன். 1969-ல் பெற்றோர் கூடிய ஒரு மாநாட்டில் கானரே எழுந்து நின்று, பெற்றோர்மேல் குற்றமில்லை என்று அறிவித்தார்.

பிறவியிலேயே பார்வையற்றிருந்த ஒருவனைக் கண்டு, இது யார் செய்த பாவம், இவனா, இவனுடைய பெற்றோரா என்று சீஷர்கள் கேட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்தக் கேள்வி ஆய்வுக்கூடங்களுக்குள்ளும் நுழைந்திருந்தது. நம் வாசலில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

பிறகு 1998 வந்தது. 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரை 'தி லான்செட்' என்ற மருத்துவ இதழில் வெளியாகி, தட்டம்மைத் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற அச்சத்தை உலகெங்கும் விதைத்தது. 2010-ல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டில் அதை எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் பெயர் பிரிட்டனின் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. திரும்பப் பெறுவதற்கு 12 ஆண்டுகள் ஆயின. அச்சமோ இன்றும் வாட்ஸ்அப்பில் உயிரோடிருக்கிறது. விக்கிப்பீடியாவில் மருத்துவச் செய்திகளுக்கு ஒற்றை ஆய்வை ஆதாரமாகக் கொள்ளாமல், பல ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்த மறுஆய்வுகளையும் மருத்துவ வழிகாட்டுதல்களையுமே நாடவேண்டும் என்ற நெறி இருக்கிறது. 12 குழந்தைகளை வைத்துக்கொண்டு உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்ல அந்த நெறி இடங்கொடுக்காது.

என்னை அதிகம் சிந்திக்க வைத்தது வேறொரு விதி. எழுதுகிறவர் தம் சொந்த அனுபவத்தைக் கட்டுரையில் ஆதாரமாக வைக்க முடியாது. நாமோ சாட்சி சொல்லி வளர்ந்தவர்கள். ஒருவர் எழுந்து தம் வாழ்வில் நடந்ததைச் சொல்லும்போது நம் கண்கள் நனைகின்றன. அங்கே அது எடுபடாது. ஆட்டிசத்தோடு பிறந்து, ஐம்பது ஆண்டுகள் அதோடே வாழ்ந்த ஒருவர், தமக்கு இரைச்சல் எப்படி வலியாகிறது என்று தம் பக்கத்திலிருந்து ஒரு வாக்கியம்கூட எழுத இயலாது. நம்பத்தகுந்த நூலில் அது அச்சாகியிருக்கிறதா என்று அவரே தேடவேண்டும். இது கொடுமை என்றே முதலில் எண்ணினேன். இப்போதும் அது இலேசான காரியம் அல்ல என்றே நினைக்கிறேன்.

ஆனால் அதே கதவுதான் வேறொருவரையும் தடுத்து நிறுத்துகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு தகப்பனும் மூன்று மகன்களும் 'அற்புதக் கரைசல்' என்று பெயரிட்டு ஒரு திரவத்தை விற்றார்கள். அருந்தும்போது அது குளோரின் டை ஆக்சைடாக, அதாவது துணியையும் காகிதத்தையும் வெளுக்கப் பயன்படும் இரசாயனமாக மாறுகிறது. ஆட்டிசம் குணமாகும் என்றும் சொன்னார்கள். இதை நான் மனக்கசப்போடு எழுதுகிறேன்: அவர்கள் தங்கள் வியாபாரத்துக்குத் திருச்சபை என்று பெயர் வைத்து, அந்தத் திரவத்தைச் சாக்கிரமெந்து என்று அழைத்தார்கள். 2023-ல் நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. இத்தகைய மருந்துகள் எப்போதும் சாட்சிகளின் தோளில் ஏறித்தான் வருகின்றன: 'என் பிள்ளை குடித்தான், பேசினான்.' உண்மையான வலியைச் சொல்ல வந்தவரையும் பொய்யான மருந்தை விற்க வந்தவரையும் அந்த விதி ஒரே அளவுகோலால் அளக்கிறது. நள்ளிரவில் பிள்ளை உறங்கிய பிறகு கைப்பேசியோடு தனியே அமர்ந்திருக்கும் ஒரு தாயை நினைத்துப் பார்க்கிறேன். எந்தப் பக்கம் அவர்முன் திறக்கவேண்டும் என்று கேட்டால், அந்த அளவுகோலால் அளக்கப்பட்ட பக்கமே திறக்கட்டும் என்பேன்.

அவர்களுக்குள்ளே சமாதானம் மட்டும்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 'கோளாறு' என்பதா, 'நிலை' என்பதா, 'ஆட்டிசம் உள்ளவர்' என்பதா, வேறெதுவுமா என்று பக்கம் பக்கமாக வாதாடியிருக்கிறார்கள். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ஆஸ்பெர்கர் முதலிய தனிப்பெயர்களை ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. சொல் மாறும்போது அதோடு பல பக்கங்களையும் திருத்தவேண்டியிருக்கிறது. சில விவாதங்களில் பொறுமை தீர்ந்துபோவதையும் கண்டேன். ஆயினும், எதிர்த்தரப்பை வெளியேற்றாமல் பேசிப் பேசி ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கிறார்கள். நம் நிர்வாகக் குழுக் கூட்டங்களை நினைத்துக்கொண்டேன், அதற்குமேல் சொல்லவேண்டாம்.

தமிழுக்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியா 2003 முதல் இயங்கி வருகிறது. ஆங்கிலத்தோடு ஒப்பிட்டால் அதில் உழைக்கிறவர்கள் மிகச் சிலரே. நம் மொழியிலோ பெயரே இன்னும் நிலைபெறவில்லை. 'மதியிறுக்கம்' என்கிறோம். மதி இறுகிவிட்டதா என்ன? அரசு அறிவிப்புகளில் 'புற உலகச் சிந்தனையற்றவர்' என்ற தொடரைக் கண்டிருப்பீர்கள். ஞாயிறுதோறும் பாடல் தொடங்குமுன் காதுகளைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் புற உலகம் இல்லாமலா இருக்கிறது? அளவுக்கு மிஞ்சி அல்லவா இருக்கிறது? நான் 'ஆட்டிசம்' என்றே எழுதியதற்குக் காரணம் இதுதான். இதைவிடத் தக்க சொல் உங்களுக்குத் தெரிந்தால், அதிலும் அந்தக் குடும்பங்களில் ஒருவருக்குத் தெரிந்தால், எனக்கு எழுதுங்கள். கணினியில் தமிழ் எழுதத் தெரிந்த வாலிபர் எவரேனும் ஆதாரத்தோடு இரண்டு வரி சேர்க்க விரும்பினால், புதன்கிழமை வேதபாடம் முடிந்தபின் என்னைச் சந்தியுங்கள். சேர்ந்து உட்கார்ந்து தேடுவோம்.