சின்னானின் சொந்த ஊர்

கறுத்த தலை, குட்டைக் கொண்டை, செதில் செதிலாய்ப் பழுப்பு உடம்பு. பறக்கும்போது இடுப்பிலும் வால் நுனியிலும் வெள்ளை தெரியும். வாலடியில் மட்டும் குங்குமம் அப்பியதுபோல் சிவப்பு. எங்கள் கொல்லைக்கு வரும் இந்தக் குருவி பக்கத்து வீட்டு அத்தைக்குக் கொண்டைக்குருவி, பறவைப் புத்தகங்களில் சின்னான். கூரான நெட்டைக் கொண்டையும் கன்னத்தில் சிவப்புத் திட்டும் இருந்தால் அது செம்மீசைச் சின்னான், வேறு இனம்.

அதோடு விட்டிருப்பேன். அறிவியல் பெயரில் ஒட்டியிருந்த 'காஃபர்' விடவில்லை. தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்த சொல் அது. இன்று அங்கே வாயில் எடுக்கவே கூசும் வசைக்கும் உறவு. நம்மூர்க் குருவிக்கு எப்படி வந்தது?

1760இல் பிரெஞ்சுப் பறவையியலாளர் பிரிசோன், தன் கைக்கு வந்த பாடம் செய்த பறவை தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் ('கேப்') பிடிபட்டது என்று நம்பி விவரித்திருக்கிறார். அதை வைத்து 1766இல் லின்னேயஸ் பெயர் சூட்டிவிட்டார். அதே ஆண்டு அவரே பெயரிட்ட அசல் கேப் சின்னானுக்கு வாலடி மஞ்சள்! பிற்காலத்தில் நம் குருவியின் மூல இடத்தை இலங்கை என்று திருத்தினார்கள். 1952இல் ஜெர்மானியர் எர்வின் ஸ்ட்ரெஸ்மன் புதுச்சேரி என்று குறித்தார். ஊர் திருந்தியது, பெயர் திருந்தவில்லை. முதலில் வைத்ததே நிலைக்கும் என்பது விதி.

புதுச்சேரி என்றதும் எனக்கு ஓர் ஊகம். அன்று அது பிரெஞ்சுத் துறைமுகம். சூயஸ் கால்வாய் திறந்ததோ 1869இல். பிரான்சுக்குப் போகும் சரக்கெல்லாம் ஆப்பிரிக்க முனையைச் சுற்றித்தான் போயாக வேண்டும். வழியிலிருந்த ஊரையே பறவை வந்த பெட்டியின் ஊராக யாரோ எழுதியிருக்கலாம். ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

இந்தக் குருவி பிறகு நிஜமாகவே கப்பலேறியது. 1903 வாக்கில் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு பிஜிக்குப் போனதாகச் சொல்கிறார்கள். போன தீவுகளிலெல்லாம் பழத்தோட்டக்காரர்களின் சாபம்தான். உலகின் மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் என்ற பட்டியலில் உள்ள மூன்றே பறவைகளில் இதுவும் ஒன்று.

இங்கே அது வீட்டுப் பிள்ளை, தாராளமாக அழைக்கலாம். கூண்டுத் தீனியெல்லாம் வேண்டாம். கறிவேப்பிலை மரத்தில் சில கிளைகளை ஒடிக்காமல் விட்டால் பூத்துப் பழுக்கும்; அந்தக் கறுப்புப் பழத்துக்கு ஜோடியாக வந்துவிடும். சிங்கப்பூர் செர்ரி வைத்தால் பழம் ஓயாது, அந்த மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்ததென்றாலும். ஆழமில்லாத மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். குஞ்சுகளுக்குப் புழு பூச்சிதான் ஊட்டும் என்பதால் மருந்தடிப்பதை நிறுத்துங்கள்.

உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். அதன் பழமும் சின்னானுக்குப் பிடிக்கும். தின்ற விதையைக் காட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். முதுமலைப் பக்கம் உண்ணி மண்டிக் கிடப்பதைப் பார்த்தவர்கள் வேலியோரத்தில் ஒரு செடிகூட வளர்க்கமாட்டார்கள்.