கப்பல் உறவு

நெல்லைச் சீமையின் கடையநல்லூர், தென்காசி மக்கள் சிங்கப்பூரில் வேரூன்றிய வரலாற்றை நாம் அறிவோம். அவர்களை அக்கரை சேர்த்த கப்பல்களிலேயே பிறந்த உறவுகளும் உண்டு.

1958-ஆம் ஆண்டு, எனது எட்டாம் வயதில், சிங்கப்பூரிலிருந்த வாப்பாவிடம் செல்ல உம்மாவுடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். 1926-இல் கட்டப்பெற்ற 'ரஜூலா' கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். தோணியில் சென்றே ஏற வேண்டும். தளப் பயணிகளுக்கு அறை இல்லை. விரித்த பாயே வீடு. அடுத்த பாயில் தஞ்சைப் பகுதி உழவர் குடும்பம். இடையே இருதரப்புத் தகரப் பெட்டிகளும் சுவராய் நின்றன.

மூன்றாம் நாள் கைக்குழந்தையான தங்கைக்குக் கடுங்காய்ச்சல். உம்மாவோ அலையாட்டத்தால் வாந்தியெடுத்துத் தலைதூக்க இயலாது கிடந்தார். அடுத்த பாயின் அம்மையார் பெட்டிகளை நகர்த்திவிட்டு வந்து, குழந்தையை மடியிலேந்தி, விடியும்வரை நெற்றியில் ஈரத்துணி மாற்றினார். அதுவரை அவர் பெயரைக்கூட உம்மா கேட்டதில்லை. காய்ச்சல் தணிந்தது, பெட்டிகள் பழைய இடத்திற்குத் திரும்பவில்லை. அவர்கள் பினாங்கில் இறங்கினர். பல்லாண்டுகளுக்குப் பின் தங்கையின் திருமணத்திற்கு அங்கிருந்து ஒரு புடவை வந்தது.

ஒப்பந்தக் கூலிகளாய்ப் பிஜி, சூரிநாம் சென்றோரும் உடன்பயணிகளை 'ஜஹாஜி பாய்', அதாவது கப்பல் சகோதரர், என்றே அழைத்தனர்.

1985-இல் 'எம்.வி. சிதம்பரம்' தீப்பற்றியபின் அக்கடல்வழிப் பயணம் ஓய்ந்தது. இன்று திருச்சியிலிருந்து ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூர். அருகிருப்பவர் முகம் பாராமலே இறங்கிவிடுகிறோம்.

மாணவச் செல்வங்களே! விடுதியில் அடுத்த கட்டிலில் இருப்பவரின் ஊரையும் வீட்டையும் இன்றே கேட்டறியுங்கள்.